ஆல்பத்தில் விழுந்த ஓட்டைகள்

ஆல்பத்தைத் திறந்ததுமே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், "அடப் பாவிகளா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. ஒரு குடும்பப் படத்தில் அத்தனை பேருக்கும் தலை இருந்தது. நடுவில் நின்ற பெண்ணுக்கு மட்டும் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

"அது எங்கம்மா," என்றாள் ஆல்பத்தைக் கொண்டுவந்த பல் மருத்துவமனை நர்ஸ். "வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். சொல்லாமக் கிளம்பிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மனசு கேக்காம ஒருநாள் திரும்பிப் போயிருக்காங்க. வீட்டுல யாரும் இல்லை. சாவி வழக்கமான இடத்துல இருந்துச்சாம். உள்ளே போனா, மேஜை மேல இந்த ஆல்பம். பிரிச்சுப் பார்த்துட்டு வந்த வழியே திரும்பிட்டாங்க."

"இப்போ எப்படி இது உன் கைக்கு வந்துச்சு?" என்று கேட்டார், குடும்பங்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கும் வம்சக்காரம்மா.

"போன்ல குடும்ப மரம் போடற ஆப் இருக்கே, சும்மா பொழுதுபோக்கா போட்டேன். மாமா பையன் அதுல என்னைக் கண்டுபிடிச்சு இதை அனுப்பினான். மாமா படுத்த படுக்கையா இருக்கார். தங்கச்சியைப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். அம்மாவோ, 'என்னை வெட்டி எறிஞ்ச வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?'னு கதவைச் சாத்திக்கிட்டாங்க." "மாமாவுக்கு இனி ரொம்ப நாள் இல்லை. வெட்டினது தாத்தாவா மாமாவான்னு மட்டும் சொல்லுங்க."

வம்சக்காரம்மாவின் அறை ஒரு விளக்குக் கடையின் மாடியில் இருந்தது. முன்னோரைத் தேடுவதென்றால் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தூசியில் தும்மும் வேலை என்றுதான் கண்டக்டரும் நினைத்திருந்தார். தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடி இங்கே வந்தவர், பிறகு வீட்டுக்கே போக மனமில்லாமல் உதவியாளராக ஒட்டிக்கொண்டார். இந்த அம்மா படங்களைத் தரையில் பரப்பி, சுற்றிலும் மொத்தக் குடும்பத்தையும் சீட்டாட உட்கார வைப்பதுபோல உட்கார வைப்பார். 'இந்தச் சட்டை அடுத்த வருஷம் யார் உடம்புல வருதுன்னு பாருங்க' என்பார். அரை மணி நேரத்தில் வீடே சிரித்துக்கொண்டு தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

அன்றும் படங்கள் தரையில் பரவின. "தாத்தாதான் அக்கா, சந்தேகமே வேண்டாம். அந்த மீசையைப் பாருங்க!" என்றார் கண்டக்டர்.

"மீசை கத்தரிக்கோல் பிடிக்காது, கண்டக்டரே."

"அப்போ மாமா. இதோ, அவர் கன்னத்துலயே கை தவறி வெட்டு விழுந்திருக்கு."

வம்சக்காரம்மா அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. "நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வாம்மா. விசாரணைன்னு சொல்லாதே. ஆல்பத்தை வாங்கிட்டுப் போகலாம்னு சொல்லு."

மறுநாள் வந்த தாய், நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்தாள்.

"ஒரு சின்ன விளையாட்டு. இதுல நீங்க இருக்கிற படத்தையெல்லாம் எடுத்துக் குடுங்க," என்றார் வம்சக்காரம்மா.

"நான்தான் எதுலயும் இல்லையே."

"தேடித்தான் பாருங்களேன்."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தவள், கொஞ்ச நேரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பல் விழுந்த சிறுமியாக ஒரு படத்தில் முழுசாக இருந்தாள். சிரித்துத் தலையை ஆட்டியதில் முகம் மங்கிப்போன படமும் தப்பியிருந்தது. முதுகு காட்டித் துணி உலர்த்தும் படத்திலும் கத்தரி படவில்லை.

"ஆத்திரத்துல வெட்டறவன் இதையெல்லாம் ஏன் விட்டு வைக்கணும்?" என்று கேட்டார் வம்சக்காரம்மா. "வெட்டுப்பட்டது, நீங்க கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி எடுத்த முகங்கள் மட்டும். அதுவும் நேரா பார்க்கிற, தெளிவான முகங்கள். கண்டக்டரே, பஸ் ஸ்டாண்டுல யாராவது காணாமப் போனவங்களைத் தேடி வந்தா உங்ககிட்ட என்ன நீட்டுவாங்க?"

"போட்டோதான். கூட்டமா நிக்கிற படத்தை நீட்டினா யாருன்னு எங்களுக்குப் புரியாது. 'அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டிக் கொண்டாங்கய்யா'ன்னு நானே எத்தனை பேர்கிட்ட…"

தரையில் கிடந்த ஓட்டைகளைக் கண்டக்டர் மறுபடி பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு ஊர். ஏதோ ஒரு டிக்கெட் கவுண்டரிலும் விடுதி வாசலிலும் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்த முகம். அம்மாடி, ஒரு மனுஷன் எத்தனை ஊர் அலைந்திருக்கிறான்!

"யாரு?" என்றாள் தாய்.

வம்சக்காரம்மா, அண்ணனும் தங்கையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கும் படத்தை அவள் கையில் கொடுத்தார். "மத்த படங்கள்ல பக்கத்துல நிக்கிறவங்க மேல ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு நிதானமான கை. இதுல ரெண்டு முகமும் ஒட்டியிருக்கு. யாராவது ஒருத்தர் முகத்துல வெட்டு விழுந்தே ஆகணும். வேற யாராவது வெட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் நடுவுல, ஆளுக்குக் கொஞ்சம் போற மாதிரி வெட்டியிருப்பாங்க. இவர் உங்க முகம் முழுசா வரணும்னு தன் கன்னத்தைக் குடுத்திருக்கார்."

தாய் அந்தப் பாதிக் கன்னத்தை விரலால் தடவினாள். "நான் இதைப் பார்த்துட்டுத்தானே திரும்பிப் போனேன்… வெட்டி எறிஞ்சுட்டான்னு நினைச்சேனே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நர்ஸ் போனில் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். மாமா பையன் தகப்பனின் காதருகே போனை வைத்தான் போலிருக்கிறது. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா… நான்தான்."

மூச்சு ஒரு கணம் நின்றது. "எங்கேம்மா இருக்கே?"

"இங்கே… ஒரு விளக்குக் கடை மாடியில."

"அங்கேயே இரு," என்றது அந்தக் குரல். பல மாதமாகப் படுக்கையை விட்டு எழாதவரின் குரல். "எங்கேயும் போயிடாதே. இதோ, அண்ணன் வந்துட்டேன்."

"நீ எழுந்திரிக்காதே அண்ணா!" என்று போனைப் பார்த்துக் கத்தியபடி அவள் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கிக்கொண்டிருந்தாள். "நான் வர்றேன்!"