பாதி பாய்லர், முழுக் கொலை!

கால்கள்!

சமையலறை சிங்க்குக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

லொரேன் ஆக்ராய்ட் செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் பஸ்ஸை ஓட்டி முடித்து, ஹாலிஃபாக்ஸ் நகரத்து ஜனவரிக் குளிரில் உறைந்து, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். கால்களைப் பார்த்ததும் கைப்பையை நாற்காலியில் வீசினாள்.

"வந்துட்டியா மவராசா! நாலு நாளா எந்தப் பொந்துல இருந்தே?"

கால்கள் பதில் சொல்லவில்லை.

"உன்னைத்தான் டேரன்! வீட்டைச் சூடாக்கற பாய்லரைச் சுவத்துல மாட்டிட்டு, பைப்பை எல்லாம் குடல் மாதிரி தொங்கவிட்டுட்டு, வீட்டுச் சாவியோட ஓடிப்போனா என்னடா அர்த்தம்? பதினேழு தடவை போன் போட்டுக் கத்தியிருக்கேன்!"



லொரேன் ஒரு காலை எட்டி உதைத்தாள். பிறகு இரண்டு கால்களையும் பிடித்து வெளியே இழுத்தாள்.

டேரன் சக்டன் வந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. கூடவே அவனுடைய பைப் ரிஞ்சும் வந்தது... ரத்தத்தோடு!

அவள் போட்ட அலறலில் தெருக்கோடி நாய்கள்கூட வாயை மூடிக்கொண்டன.

அலறி முடித்ததும் லொரேனின் பார்வை தானாக மேலே போனது.

பாய்லர் இன்னமும் பாதியில்தான் இருந்தது!

* * *

இன்ஸ்பெக்டர் ஹெலிவெல் ஓவர்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். மூச்சு விடும்போதெல்லாம் புகை வந்தது.

"கடைசி மெசேஜ்ல டேரன்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா மேடம்?"

"உன்னைக் கொல்லாம விடமாட்டேன்னு சொன்னேன்."

"ஒத்துக்கறீங்களா?"

"பாய்லர் வேலைக்கு ஆள் கூப்பிட்ட அத்தனை பேரும் சொல்றதுதான் சார். எல்லாரையும் பிடிச்சு உள்ள போடுங்க. ஜெயில்ல இடம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்குங்க."

"இப்போதைக்கு நீங்கதான் லிஸ்ட்ல முதல் ஆள். ஊரை விட்டுப் போகாதீங்க."

"போனா பஸ்லதான் போகணும். அந்த பஸ்ஸையும் நான்தான் ஓட்டணும். அது கிடக்கட்டும்... என் சமையலறையை எப்ப விடுவீங்க?"

ஹெலிவெல் அவளை முறைத்தார். "இங்க ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான்!"

"அங்க ஒரு மனுஷன் ஆஸ்பத்திரியில கிடக்கான். என் புருஷன் க்ளைவ். ரெண்டு நுரையீரலும் பஞ்சர். வீடு சூடா இருந்தாத்தான் அனுப்புவேன்னு டாக்டர் சொல்லிட்டார். தகுதியான ஆள் பாய்லரை முடிச்சு, கையெழுத்துப் போட்ட காகிதம் வேணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் கெடு."

"இல்லேன்னா?"

"எங்கயோ தூரத்துல, கூல்ங்கற ஊர்ல இருக்கற பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. மூணு மாசம்! அந்தாளு நான் இல்லாம மூணு நாள் தாங்க மாட்டார் சார்..."

முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.

ஹெலிவெல் எழுந்தார். "நாளைக்கு சாயங்காலம் சமையலறையை விட்டுடறேன்."

* * *

வியாழக்கிழமை காலை முதல் ஆள் வந்தான். பாய்லருக்கு முன்னால் நின்றான். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினான்.

"ஸ்ஸ்ஸ்... யாரு கண்ணு இதைப் போட்டது?"

"செத்துப்போயிட்டான்."

"சாக வேண்டியவன்தான்! இதைப் பாரு, இது ஜாயின்ட்டா, மூக்குச்சளியா? அடுத்தவன் அசிங்கத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போய்விட்டான்.

பதினொரு மணிக்கு இரண்டாவது ஆள். அவனும் காற்றை உறிஞ்சினான். கொஞ்சம் அதிக நேரம்.

"யாரு இது? கசாப்புக் கடைக்காரனா?"

"எல்லாமே மோசமா? கேஸ் பைப்புல இருக்கற அந்த வளைவு ஜாயின்ட் நல்லா வழவழன்னு இருக்கே..." லொரேன் கெஞ்சினாள்.

"அதுவா? அதான் இருக்கறதுலயே மோசம்! மொத்தத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மார்ச் மாசம் வரேன்."

லொரேன் கதவை அறைந்து சாத்தினாள். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் போன் போட்டாள். ஒருவரும் வரத் தயாராயில்லை. பாதி வேலை என்றாலே போனை வைத்தார்கள்.

மாலை ஐந்து மணிக்கு அவள் போன் தானாக அடித்தது.

"பேர் ராய்ஸ்டன் கிளெட்ஹில். பேப்பர்ல பார்த்தேன் கண்ணு. உங்க வீட்டு பாய்லர் பாதியில நிக்குதாமே?"

"ஆமா..."

"காலைல பத்து மணிக்கு வரேன். பாதியில நிக்கற வேலையை நெனைச்சா எனக்குத் தூக்கம் வராது."

* * *

வெள்ளி. பத்து அடிக்கும்போதே வாசலில் நின்றார். அறுபது வயது. இஸ்திரி போட்ட நீல ஓவரால். ஷூவுக்கு மேலே உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே காலை வைத்தார்!

லொரேன் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினாள். முன்பக்கப் படத்தைப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி, வீட்டு பாய்லர் வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தாள். கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போன் போட்டு எண்ணைச் சொன்னாள்.

அசல்!

நிம்மதியாக டீ போடப் போனாள்.

ராய்ஸ்டன் குனிந்து பைப்புகளை நோட்டம் விட்டார். "ஸ்ஸ்ஸ்... இது குப்பை. இதுவும் குப்பை. இதைப் பாத்தா வாந்தி வருது..."

விரல் கேஸ் பைப் வளைவில் வந்து நின்றது.

"ஆனா இந்த ஜாயின்ட் பாருங்க கண்ணு... என்ன சுத்தம்! வெண்ணெய் தடவின மாதிரி!"

லொரேனின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

ஐம்பத்திரண்டு வருஷமாக ஹாலிஃபாக்ஸில் வாழ்கிறாள். அவள் கூடப்பிறந்த தம்பியே குழாய் வேலைக்காரன். தேனிலவுக்குப் போன ஹோட்டலில், புதுப் பெண்டாட்டியை உட்கார வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைப் போட்டவனை ஒரு மணி நேரம் திட்டித் தீர்த்தவன்!

இன்னொருவன் செய்த ஜாயின்ட்டைப் புகழ்ந்த குழாய்க்காரன் இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

அப்படியானால்...

அது இன்னொருவன் செய்த ஜாயின்ட் இல்லை!

இவர் இந்தச் சமையலறைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறார்!

மேஜை மேல் போன் இருந்தது. ஒரு அழைப்பு போதும்.

கடிகாரத்தைப் பார்த்தாள். 10.12.

இவரைப் பிடித்துக் கொடுத்தால் பாய்லர் பாதியில் நிற்கும். க்ளைவ் கூலுக்குப் போவார்.

லொரேன் போனை விட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

"டீயில சக்கரை எத்தனை?" என்றாள்.

* * *

ஒரு கொலைகாரனோடு நாலரை மணி நேரம்!

"கண்ணு, இந்தப் பைப்பைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தாள். அவள் தலைக்கு நேர் மேலே அவர் கையில் ஒரு பெரிய ரிஞ்ச் ஆடியது.

"நடுங்குறீங்களே?"

"கு... குளிரு."

"ரெண்டு மணிக்குள்ள வேர்க்க வெச்சிடறேன்."

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. ஹெலிவெல்!

"மேடம், புதுசா ஏதாவது ஞாபகம் வந்துதா?"

ராய்ஸ்டன் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"ஒ... ஒண்ணும் வரலை சார். மூணு மணிக்கு டீ குடிக்க வாங்களேன்."

"சந்தேகப்படற வீட்டுல நான் டீ குடிக்கறதில்லை."

"பிஸ்கட்டும் இருக்கு சார்! வாங்க!"

வைத்துவிட்டாள்.

"யாரு கண்ணு?"

"சொந்தக்காரர். பிஸ்கட்னா உயிரை விடுவார்."

ராய்ஸ்டன் தலையாட்டினார். கேஸ் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று அளவுமானியைப் பொருத்தி உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம் இமைக்காமல் பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு இரண்டு நிமிஷம். புகைக்குழாயின் திருகுகளை மறுபடி இறுக்கினார். தண்ணீர் ஏற்றினார். அறை அறையாகப் போய் ரேடியேட்டர்களில் அடைத்திருந்த காற்றைப் பிடுங்கிவிட்டார்.

சீக்கிரம் முடியேன் மனுஷா! லொரேன் மனசுக்குள் கதறினாள்.

2.38.

வூம்ம்ம்!

பாய்லருக்குள் நீலச் சுடர் எழுந்தது. பைப்புகள் டக் டக்கென்று சொடக்குப் போட்டன. லொரேன் ரேடியேட்டரைத் தொட்டாள். சுட்டது! கண்ணில் தண்ணீர் முட்டியது.

ராய்ஸ்டன் குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவாக எழுதினார். முழுப் பெயர். பதிவு எண். தேதி. கையெழுத்து. காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"பிடிங்க. முடிஞ்சுது."

"ரொம்ப நன்றி..."

"இனிமே கூப்பிடலாம்."

"யா... யாரை?"

"போலீஸை. பிஸ்கட் சொந்தக்காரரை!"

லொரேன் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"பத்து மணிக்கு அந்த ஜாயின்ட்டைப் புகழ்ந்தேன். உங்க கப்பு அந்தரத்துல நின்னுச்சு. அப்பவே எனக்குத் தெரியும் கண்ணு. வாயை அடக்க முடியலை... நல்ல வேலையைப் பாத்தா எனக்கு அப்படித்தான்."

"தெரிஞ்சும் ஏன் ஓடலை?!"

ராய்ஸ்டனின் முகம் சிவந்தது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

"பாதியில விட்டுட்டா? அதுக்குத்தானே அவனைக் கொன்னேன்!"

* * *

லொரேன் போன் போட்டதும், ஹெலிவெல் மூன்று மணிக்கு ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். விலங்கு மாட்டினார். ராய்ஸ்டன் கையை ஒழுங்காக நீட்டிக்கொண்டே சொன்னார்.

"அவன் கேஸ் வேலையே படிக்காதவன் சார். என் பதிவு எண்ணைத் திருடித் தன் வேன்ல எழுதிக்கிட்டான். இந்த வட்டாரத்துல பதினோரு வீடு பாதியில நிக்குது. பதினோரு வீட்டுலயும் சாபம் என் நம்பருக்கு! செவ்வாய்க்கிழமை அவன் வேனைப் பாத்துட்டுப் பின்வாசல் வழியா வந்து கேட்டேன். சிரிச்சான். ரிஞ்ச் கைக்குப் பக்கத்துல இருந்துது."

"அப்புறம் உக்காந்து ஜாயின்ட் போட்டீங்களாக்கும்?"

"கேஸ் கசியற மாதிரி வெச்சிருந்தான் சார். அப்படியே விட்டுட்டுப் போனா யாராவது செத்துட மாட்டாங்களா? மீதியை முடிக்கறதுக்குள்ள முன்வாசல்ல சாவிச் சத்தம் கேட்டுடுச்சு."

ஹெலிவெல் லொரேன் பக்கம் திரும்பினார். "மேடம், பத்து மணிக்கே கண்டுபிடிச்சிட்டீங்க. எனக்கு ஏன் மூணு மணிக்குச் சொல்றீங்க?"

"வீடு சூடாக நேரமாச்சு சார். ஒரே ஒரு சந்தேகம்... கொலைகாரன் போட்ட கையெழுத்து செல்லுமா?"

"கோர்ட்டு தீர்ப்பு சொல்ற வரைக்கும் செல்லும்."

லொரேன் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்திக்கொண்டே மாடிக்கு ஓடினாள். "க்ளைவ்! பெட்டியைக் கட்டுங்க!" என்ற குரல் வீடு முழுக்கக் கேட்டது.

கான்ஸ்டபிள் ராய்ஸ்டனை வாசலுக்குத் தள்ளினான். ஹெலிவெல் மட்டும் ரேடியேட்டர் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி நகராமல் நின்றார்.

"இவரோட வாக்குமூலத்தை இங்கயே உக்காந்து எழுதிக்கலாம்யா."

"ஏன் சார்? ஸ்டேஷனுக்குப் போகலாமே?"

"அங்க குளிர்ல பேனா எழுதாது. நவம்பர்லேர்ந்து நம்ம பாய்லர் பாதியில நிக்குது."

ராய்ஸ்டன் சடாரென்று திரும்பினார். விலங்கு குலுங்கியது. கண்களில் நெருப்பு!

"பாதியிலயா? எவன் போட்டது? பேரைச் சொல்லுங்க சார்!"

ஹெலிவெல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"சொல்ல மாட்டேன். இந்த வாரத்துக்கு எனக்கு ஒரு கொலை போதும்!"