இதமி காதில் சொன்னது

நாச்சியப்பனுக்கு அந்த மாதமும் உரையாடல் மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. தூத்துக்குடி இறால் ஆலை மேலாளர்களிலேயே அவருக்குத்தான் முதலிடம். இத்தனைக்கும் வாயைத் திறந்தால் வசவுதான் வரும் மனிதர். மதிப்பெண் முழுக்க இதமியின் உழைப்பு.

இதமி மிளகளவுக் கருவி. வேலைக்குச் சேரும் அன்றே ஆலை மருத்துவர் அதைக் காதுக்குள் ஒட்டிவிடுவார். எடுக்கவும் அவரால்தான் முடியும். ஆலையைச் சேர்ந்த ஒருவர் இன்னொருவரிடம் எங்கே பேசினாலும், அசல் பேச்சை மறித்து, அதே குரலில் பண்பான வாக்கியமாக்கிக் கேட்பவர் காதில் சொல்லும். மேலாளரின் ஏச்சுத் தாங்காமல் ஒரு பெண் தூக்குப்போட்டுக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு. அதன்பின் ஆலையில் யாரும் அழவில்லை. கீழிருந்து மேலே போகும் பேச்சையும் அது வடிகட்டியது. மேலாளர்களுக்கும் மனசு இருக்கிறதல்லவா?

குளிரூட்டும் இயந்திரங்களைக் கவனித்துவந்த மிக்கேல் மூன்று நாள் தொடர்ந்து நாச்சியப்பனின் அறைக்கு வந்தார். "ஐயா, அமோனியாக் குழாய் குறித்து ஒரு யோசனை உண்டு, வசதிப்படும்போது பேசலாம்" என்றுதான் ஒவ்வொரு நாளும் நாச்சியப்பனுக்குக் கேட்டது. கப்பல் காத்திருக்கும் நேரத்தில் யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எரிந்து விழுந்தார். அது மிக்கேலின் காதில், "உங்கள் அக்கறைக்கு நன்றி, ஆவன செய்கிறேன்" என்று போய்ச் சேர்ந்தது. மிக்கேலும் நம்பித் திரும்பினார்.

நான்காம் நாள் காலையில் குழாய் வெடித்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளிய மிக்கேல், தான் வெளியே வரவில்லை.

மதியம் வந்த விசாரணை அதிகாரி, இதமியின் சேமிப்பிலிருந்த அசல் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டார். பதிவுகளைத் திருத்த இதமிக்கு அனுமதி கிடையாது.

"வெல்டு விட்டுப்போச்சு சார். லைன நிறுத்தலன்னா பொம்பளையாளுவ செத்துப்போவாவ. ஒங்க கால்ல விழுதேன் சார்."

அடுத்து நாச்சியப்பனின் குரல் வந்தது. "வாய மூடிட்டுப் போய் வேலையப் பாருல."

ஓர் ஆளைக் கொன்றுவிட்டோம் என்று நாச்சியப்பனுக்கே தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போனார்.

பிணவறை வாசலில் மிக்கேலின் மனைவி புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே ஆலையில் இறால் உரிப்பவள். காலையில் கணவன் கையால் வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருத்தி. நாச்சியப்பன் அவள் முன்னால் போய் நின்றார்.

"நான்தாம்மா கொன்னேன். அவரு அவ்வளவு சொல்லியும் கேக்கல."

புஷ்பத்தின் காதில் இதமி சொன்னது: "நிகழ்ந்ததற்கு வருந்துகிறோம். தகவல் பரிமாற்றத்தில் சிறு குறைபாடு இருந்தது."

அவள் பாய்ந்து எழுந்து அவர் சட்டையைப் பிடித்தாள். கன்னத்தில் அறைந்தாள். வாய் கோணக் கோண ஏதோ கத்தினாள். காதில் இதமி இல்லாமல் வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாச்சியப்பன் தடுக்கவில்லை. அந்த ஏச்சைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அதையாவது முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

அவர் காதில், புஷ்பத்தின் குரல் அமைதியாகச் சொன்னது: "நேரில் வந்து தெரிவித்தமைக்கு நன்றி, ஐயா."

"இன்னும் ஏசும்மா," என்று அவர் கெஞ்சினார்.

அவள் தொண்டை கட்டும்வரை ஏசினாள். அவருக்கு நன்றி, நன்றி என்றே கேட்டுக்கொண்டிருந்தது.