முனகும் கற்களும் மாமாவின் வயிறும்

“நூறு தடவை போட்டாலும் இதேதான் வரும், அக்கா.”

“வரட்டும். நூத்தியோராவது தடவை போடு.”

“எனக்குக் கண்ணு ரெண்டும் சொருகுது.”

“உனக்குக் காதுலதானே வேலை? கண்ணை மூடிக்கிட்டே போடு.”

சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்த சுண்டெலிக்குச் சிரிப்பு வந்தது. சுண்டெலிக்கு வயது பத்து. எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடுவதால் அம்மா வைத்த பெயர் அது. கண் சொருகுகிறவர், சத்தங்களை ஆராயும் அம்மாவோடு வேலை செய்யும் மைக் மாமா. எங்கே போனாலும் கழுத்தில் ஒரு மைக்கை மாட்டிக்கொண்டுதான் போவார்.

மூன்று வாரமாக அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு. மேசை முழுவதும் ஒரு கல்லறை படுத்திருந்தது.

நிஜக் கல்லறை இல்லை, மாதிரி. நிஜமானது ஐயாயிரம் ஆண்டுக்கு முன் பெரிய பெரிய கற்களால் கட்டியது. குனிந்து போகிற மாதிரி நீளமான ஒரு பாதை, அதன் முடிவில் ஓர் அறை. அதை அப்படியே பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, சிமென்ட்டில் ஒவ்வொரு கல்லாக வார்த்து அம்மா அடுக்கியிருந்தாள்.

உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி. அதிலிருந்து சத்தம் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் கற்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களும் கூடவே முனகும். ம்ம்ம்ம்ம்... சத்தத்தை நிறுத்திய பிறகும் அந்த முனகல் கொஞ்ச நேரம் இருக்கும். நிஜக் கல்லறையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும்.

“ஒன்றரை விநாடி,” என்றார் மாமா. “நிஜத்துல நாம பதிவு பண்ணது ஒரே விநாடி. அரை விநாடி இடிக்குது.”

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். அது அவள் தலைமேல் இருந்தது. அவளுடைய தேநீர் மூன்றாவது முறையாக ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

“நாளைக்குக் காலையில கூட்டம்,” என்றாள். “கல்லறை வாசல்ல கண்ணாடிக் கதவு போடப்போறாங்க. போட்டா அந்த முனகல் செத்துப்போகும்னு நான் காட்டணும். மாதிரியே தப்புன்னா என் பேச்சை யார் கேப்பா?”

சுண்டெலி மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். கதவு போட்டுவிட்டால் அப்புறம் யாருக்குமே அந்தச் சத்தம் கேட்காது. அவள் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ‘வேலை முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்’ என்று அம்மா சொல்லிச் சொல்லியே கோடை முடிந்துவிட்டது.

“நிஜக் கல்லறையோட பதிவை நான் கேக்கட்டுமா?”

“கேளு. நாங்க கேட்டுக் கேட்டு எங்க காது தேஞ்சுபோச்சு,” என்று மாமா ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார்.

முனகல் வந்தது. தேய்ந்தது. அதற்குப் பிறகு... குர்ர்ர்ர்.

“மாமா! உள்ளே ஏதோ மிருகம் இருக்கு!”

மாமா அவசரமாக எட்டி நிறுத்தினார். “அது வெட்டாத பதிவு. தப்பா போட்டுட்டேன்.”

“அது என்ன சத்தம்?”

அம்மாதான் சொன்னாள். “உங்க மாமாவோட வயிறு. அன்னைக்குக் காலையில சாப்பிடாம வந்துட்டான். எல்லாப் பதிவுலயும் அது இருக்கு. ஒவ்வொண்ணா வெட்டி எடுக்க ரெண்டு நாள் ஆச்சு.”

“நல்ல பசி, அக்கா!”

சுண்டெலி சிரிக்கவில்லை. மாதிரியின் கூரைக்கல்லைத் தூக்கி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மாமா அப்போ உள்ளேயா இருந்தாங்க?”

“வெளியே நல்ல மழை. குடைமேல விழுற சத்தம் பதிவாயிடும்னு ரெண்டு பேரும் உள்ளேயே அசையாம உக்காந்திருந்தோம்,” என்றாள் அம்மா.

“கோட்டோடயா?”

“கம்பளிக் கோட்டோடதான். நடுங்கிக்கிட்டு.”

“கம்பளி சத்தத்தைக் குடிச்சிடும்னு நீதானேம்மா சொன்னே? அதுக்குத்தானே என் ரூம்ல போர்வையைச் சுவர்ல மாட்டினே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“வயித்துச் சத்தத்தை வெட்டிட்டீங்க. வயித்தை எங்கே வெச்சீங்க? இங்கே யாருமே இல்லையே!”

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டிருந்தார்கள். தரையில் இருந்த பள்ளத்தைக்கூட அளந்திருந்தார்கள்.

“நம்மள மறந்துட்டோமே, அக்கா,” என்றார் மாமா மெதுவாக.

சுண்டெலி களிமண் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமாவை உட்காரச் சொல்லி அளந்தாள். தொண்ணூறு சென்டிமீட்டர். பொம்மைக்கு ஒன்பது. ஒற்றையாகிப்போன கம்பளிக் கையுறை ஒன்றை வெட்டி இரண்டு பொம்மைகளுக்கும் கோட்டு போட்டாள்.

“எனக்கு இவ்வளவு தொப்பையா?”

“அளந்துதான் வெச்சேன் மாமா.”

இரண்டு பொம்மைகளும் அறைக்குள் போய் உட்கார்ந்தன. கூரைக்கல்லை மூடினார்கள். சத்தம் ஏறியது. கற்கள் முனகின. கணினி யோசித்தது.

“ஒன்று,” என்றார் மாமா. “ஒன்று புள்ளி பூஜ்ஜியம் இரண்டு.”

யாரும் குதிக்கவில்லை. குதிக்கத் தெம்பில்லை. அம்மா பொம்மைகளை வெளியே எடுத்தாள். பாதையின் வாசலில் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்தாள். இந்த முறை சத்தம் ஏறிக்கொண்டே போனது. கற்கள் எதற்கும் வாய் திறக்கவில்லை.

“இது போதும்,” என்றாள் அம்மா. “நாளைக்கு இதையே காட்டறேன்.”

“உள்ளே என்ன சத்தம்? என் மேசை எப்போ கிடைக்கும்?” என்று சமையலறையிலிருந்து அப்பா கேட்டார்.

“மேசை நாளைக்கு. சோறு இப்போ!” என்று மாமா எழுந்து ஓடினார்.

மாலை வெயில் மேசைமேல் விழுந்தது. கூரைக்கல்லைத் திறந்து வைத்தபடியே, அறைக்குப் பக்கத்தில் தலை சாய்த்து அம்மா தூங்கிப்போனாள். சுண்டெலி அவள் தலைமேலிருந்த மூக்குக்கண்ணாடியை மெல்லக் கழற்றி வைத்தாள். போர்வையை எடுத்து வந்து போர்த்தினாள். மிச்சமிருந்த களிமண்ணில் இன்னொரு பொம்மை செய்தாள். ஏழு சென்டிமீட்டர், கோட்டும் உண்டு. மூன்று பொம்மைகளையும் அறைக்குள் சேர்த்து உட்கார வைத்தாள்.

பிறகு மேசையின் மறுமுனைக்குப் போனாள். கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு, சின்ன வாசலில் வாயை வைத்தாள். அவள் குரல் கல்லுக்குக் கல் தொட்டுக்கொண்டு, அம்மாவின் காதுப் பக்கமாகப் போனது.

“அம்மா, நிஜக் கல்லறைக்குள்ள என்னையும் ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?”