காத்தாயி அத்தை விளக்கித் தந்த கேக் தட்டு

ஹம்சிகாவுக்குத் தோளிலிருந்து விரல் நுனிவரை வலித்தது. வலது கை ஓய்ந்ததும் கரண்டியை இடது கைக்கு மாற்றினாள். இடது கை அதைவிடச் சோம்பேறி. கொஞ்சம் சுற்றியதுமே மடங்கிக்கொண்டது. மறுபடியும் வலது கை.

சீனியும் மாஜரினும் வெள்ளை வெளேரென்று நுரைக்கும்வரை அடிக்க வேண்டும். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் அந்தத் தொழிலாளர் வீடுகளில், கேக் அடிக்கும் மெஷின் யாரிடமும் கிடையாது. மரக்கரண்டியும் கையும்தான்.

"அம்மா, போதுமா?"

அடுப்பில் தணலைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா ரஜனி எழுந்து வந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சீனி இன்னும் நறநறங்குது. அடி."

"கை போச்சும்மா!"

"நாள் முழுக்கக் கொழுந்து பறிச்சுப் பாரு. கை போறதுன்னா என்னன்னு அப்ப தெரியும்."

இப்படிச் சொன்னாளே தவிர, கரண்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் தானே அடித்துக் கொடுத்தாள்.

இன்றைக்குப் பக்கத்து வீட்டு டிலானிக்கு ஐந்து வயது. டிலானியின் அம்மா காத்தாயியும் ஹம்சிகாவின் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர்கள். டிலானி இதுவரை ஒரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டியதில்லை.

போன வாரம் ஹம்சிகாதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒனக்குப் பூ மாதிரியே கேக்கு செஞ்சு தாரேன்டி!"

அவ்வளவுதான். டிலானி அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எனக்குப் பூ கேக்கு! எனக்குப் பூ கேக்கு!" லயத்து நாயிடம்கூடச் சொல்லாமல் விடவில்லை.

மாத்தளை டவுனில், லாபிர் நானாவின் கடையில், கேக் சுடும் ஒரு தட்டைப் பார்த்ததால் வந்த வினை இது. வெளியே ரோஸ் நிறம். உள்ளே கன்னங்கரேலென்று வழவழப்பு. சுற்றிலும் இதழ் இதழாகப் பூ வடிவம். வீட்டில் கேக் சுடுவது பழைய பிஸ்கட் டின்னில். மாஜரின் தடவித்தான் சுடுவார்கள். என்ன தடவினாலும் கேக்கின் அடிப்பாகம் டின்னை விட்டு வராது. சுரண்டித்தான் தின்ன வேண்டும்.

"இது நொன்ஸ்டிக் மகள்," என்றார் லாபிர் நானா. "கேக் ஒட்டவே ஒட்டாது. கவுத்தா தானா விழும்."

"டின்னுல சுட்டா கேக்கு இல்லையா நானா?" என்று கேட்டாள் அம்மா.

"கேக்குதான் தங்கச்சி. ஆனா பூ இல்லையே!"

அம்மா விலையைப் பார்த்தாள். ஹம்சிகாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் விலையைப் பார்த்தாள். தீபாவளிச் சேலைக்கென்று முடிந்து வைத்திருந்த காசு முந்தானையிலிருந்து வெளியே வந்தது.

"ஒன்டு சொல்றேன்," என்றார் நானா தட்டைப் பொதி செய்துகொண்டே. "இதப் போட்டுத் தேய்க்க வாணாம். உள்ளுக்கு இருக்கிற கறுப்புப் போனா தட்டே போச்சு."

இப்போது மாவும் முட்டையும் சேர்ந்து கலவை தயார். அடுப்பில் பெரிய சட்டி, அதன் அடியில் மணல், மேலே மூடுவதற்குத் தகரம், தகரத்தின் மேல் போடத் தணல். எல்லாம் தயார்.

"தட்டை எடுத்துட்டு வா," என்றாள் அம்மா. "தண்ணியில அலசி வாசல் பலகையில கவுத்து வச்சிருக்கேன்."

பலகையில் தட்டு இல்லை.

பலகைக்குக் கீழே இல்லை. கோழிக்கூட்டுப் பக்கம் இல்லை. ஹம்சிகா பதறிப்போய்த் திரும்பியபோது, பீலிப் பக்கமிருந்து காத்தாயி அத்தை வந்துகொண்டிருந்தாள். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்து கொட்டும் இடம்தான் பீலி. லயத்துப் பாத்திரமெல்லாம் அங்கேதான் கழுவுவார்கள். அத்தை ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கையில் என்னவோ வெள்ளி மாதிரி மின்னியது.

"இந்தா மருமகளே! புடி!"

அது கேக் தட்டு.

உள்ளே இருந்த கறுப்பைக் காணோம். இதழ்களின் மடிப்பில் மட்டும் சொறி பிடித்ததுபோல அங்கொன்றும் இங்கொன்றும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடைக்காரன் ஒங்கம்மாவ நல்லா ஏமாத்திட்டான் போ!" என்றாள் அத்தை. "வெளிய பெயின்ட் அடிச்சிருக்கான். உள்ளுக்கு ஒரே கரி! சாம்பலும் தேங்காத் தும்பும் போட்டுத் தேச்சேன், அசையல. மணலப் போட்டேன். அப்பவும் அசையல. விடுவேனா நானு?"

புதுப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்காமல் அடுப்பில் ஏற்றுவது அந்த லயத்தில் வழக்கமில்லை. விளக்குவதில் காத்தாயி அத்தையை மிஞ்ச ஆளும் இல்லை. அவள் விளக்கிய அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

"ஏன் அத்தை நீங்க..." என்று ஆரம்பித்த ஹம்சிகாவின் கண் அத்தையின் விரல்களில் போய் நின்றது. நுனியெல்லாம் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது.

"நம்ம புள்ளைக்குன்னு கேக்கு சுடுற. நான் இதுகூடச் செய்யாட்டி எப்படி?" என்றாள் அத்தை.

ஹம்சிகா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பளபளன்னு இருக்கு அத்தை," என்றாள்.

"பின்ன?" அத்தை சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போனாள்.

உள்ளே வந்ததும் அம்மா தட்டை வாங்கிப் பார்த்தாள். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"சேலையும் போச்சு. தட்டும் போச்சு. இந்த மதினிக்கு யாரு விளக்கச் சொன்னா?"

"சத்தமாப் பேசாதம்மா. கேட்டுரும்."

ஹம்சிகா ஒரு திட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கறுப்புச் செதில் ஒன்று பெயர்ந்து விரலில் ஒட்டியது. இதில் சுட்டால் கேக்கிலும் இப்படித்தான் ஒட்டும்.

"டின்னுலயே சுடு. பூவாவது காயாவது," என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துக் கதவோரத்தில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"பூ வெந்திருச்சாக்கா?"

"இல்லடி, இன்னும் மொட்டாத்தான் இருக்கு. சாயங்காலம் வா," என்றாள் ஹம்சிகா. டிலானி குதித்துக்கொண்டு ஓடினாள்.

கலவை காத்திருக்காது. நேரம் போனால் கேக் உப்பாது. ஹம்சிகா சுற்றிலும் பார்த்தாள். குப்பைக் கூடையில் மாஜரின் சுற்றி வந்த தாள்கள் கிடந்தன. எடுத்துப் பார்த்தாள். தாள் முழுக்க எண்ணெய்ப் பசை. ஆனால், தாளில் மாஜரின் ஒட்டியிருக்கவில்லை. டவுன் பேக்கரியில் கேக் துண்டுக்கு அடியிலும் இப்படி ஒரு தாள் இருக்குமே!

டின்னின் அடியளவுக்குத் தாள்களை வெட்டி உள்ளே விரித்தாள். ஓரத்தில் மாஜரின் தடவி, மேலே கோதுமை மாவைத் தூவினாள். கலவையை ஊற்றினாள்.

"என்னடி இது, கேக்குக்குப் பாய் விரிச்சிருக்க?" என்றாள் அம்மா.

"தூங்கி எந்திரிக்கட்டும்மா. பாப்போம்."

வீடு முழுக்க வாசம் வந்ததும் தகரத்தை எடுத்தார்கள். சூடு ஆறியதும் டின்னைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். பொத்தென்று முழுசாக விழுந்தது கேக். தாளைப் பிடித்து இழுத்தாள். தோல் மாதிரி உரிந்து வந்தது.

அம்மா டின்னுக்குள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு துகள் இல்லை.

"அடிப்பாவி! இம்புட்டு நாளா இது தெரியாமச் சுரண்டிக்கிட்டு இருந்தமே!"

"பூ மட்டும்தான் பாக்கி," என்றாள் ஹம்சிகா.

பூத்தட்டை எடுத்தாள். டின்னைவிட அது சிறியது. கேக்கின் மேலே ஒரு சுத்தமான தாளை வைத்து, அதன் மேல் தட்டைக் கவிழ்த்தாள். கத்தியை நேராகப் பிடித்து, இதழ் இதழாகச் சுற்றி வெட்டினாள். தட்டைத் தூக்கியபோது பலகையில் ஒரு பூ இருந்தது. வெட்டியதில் விழுந்த துண்டுகளில் ஒன்று அம்மாவின் வாய்க்குப் போனது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பீட்ரூட் சாறு கலந்த ஐசிங்கைப் பூசியதும் கேக்குக்கு ரோஸ் நிறமும் வந்துவிட்டது.

சாயங்காலம் டிலானி பூவைப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி நின்றாள். அத்தை கத்தியைக் கையில் கொடுத்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"வெட்ட வேணாம்! பூவ வெட்ட வேணாம்!"

கடைசியில் ஒரே ஒரு இதழை மட்டும் வெட்டலாம் என்று சமாதானம் செய்தார்கள். அதைத் தின்று பார்த்ததும் அழுகை நின்றது. பிறகு அவளே ஒவ்வொரு இதழாகக் காட்டி, "இதையும் வெட்டு, இதையும் வெட்டு," என்றாள்.

காத்தாயி அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "தட்டு சுத்தமா இருந்தா கேக்கு எப்படி வருது பாத்தீங்களா? எல்லாம் நான் விளக்குன விளக்கு!"

ஹம்சிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே, விடு என்றாள். ஹம்சிகாவும் விட்டுவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் பிடிக்கப் போனாள் ஹம்சிகா. பீலியில் பெண்கள் கூட்டம். புதிதாகக் கல்யாணம் முடித்து வந்த சுலோசனா அக்கா கையில் ஒரு கறுப்புச் சட்டி. கொழும்பில் வேலை செய்யும் அவள் கணவன் வாங்கி அனுப்பிய ரைஸ் குக்கரின் உள் சட்டி அது.

"அய்யய்ய, இதுவும் கரியா?" காத்தாயி அத்தை சட்டியை வாங்கிக்கொண்டாள். "ரஜனியோட தட்டையே வெளுத்தவ நானு. இது எம்மாத்திரம்?" குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினாள்.

ஹம்சிகா குடத்தைக் கீழே வைத்தாள். சொன்னால் இத்தனை பேருக்கு முன்னால் அத்தைக்கு அவமானம். சொல்லாவிட்டால் சுலோசனா அக்காவின் சட்டி போய்விடும். நேற்றே சொல்லியிருந்தால் இந்த மணல் அத்தையின் கையில் இருக்காது.

"அத்தை! கொஞ்சம் இங்க வாங்க. அவசரம்!"

"தேச்சிட்டு வாரேன்டி."

"இல்ல, இப்பவே!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொய்யா மரத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். காதோடு சொன்னாள். "அது கரி இல்ல அத்தை. ஒட்டாம இருக்கிறதுக்குக் கம்பெனியிலயே பூசி விடுறது. தேச்சா போயிரும்."

அத்தையின் கையிலிருந்த மணல் மெதுவாகக் கீழே கொட்டியது.

"அப்ப ஒன் தட்டு?"

ஹம்சிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத நானா கெடுத்தேன்? ஏன்டி நேத்தே சொல்லல?"

"ஒங்க விரலெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு அத்தை. எப்படிச் சொல்றது?"

அத்தை தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்லில் உட்கார்ந்தாள். பிறகு முணுமுணுத்தாள்.

"ஒட்டாம இருக்கப் பூசுறானாம்ல! ஒட்டுனா ஊறப் போட்டுத் தேய்க்கிறது. அதுக்குத்தான கை இருக்கு!"

ஹம்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் வந்தது.

எழுந்து நேராகப் பீலிக்குப் போனாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "இந்தா சுலோ, ஒன் சட்டி. இத மணல் போட்டுத் தேய்க்கப்படாது. ரஜனி தட்ட நான் தேச்சு நாசமாக்கிட்டேன். ஒன்னுது தப்பிச்சிருச்சு!"

பீலியே சிரித்தது. அத்தையின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கேட்டது.

"அப்ப அந்தப் பூத்தட்டு வாங்கலாமா, வேணாமா?" என்று ஹம்சிகாவைக் கேட்டாள் சுலோசனா அக்கா. "எனக்கும் ஒன்னு வாங்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"பாக்க அழகா இருக்கும்க்கா. ஆனா ஒட்டாம வரணும்னா மாஜரின் பேப்பர் போதும். பூ வேணும்னா என் தட்டக் கொண்டு போங்க. மேல வச்சு வெட்டுனா பூ."

அன்றிலிருந்து அந்தத் தட்டு ஒரு வீட்டில் நிலையாக இருப்பதில்லை. பிறந்தநாள் எங்கேயோ, அங்கே போய்விடும். அதில் கேக் சுட்டவர் மட்டும் ஒருவரும் இல்லை.

"புதுத்தட்டு வேணாம் அத்தை, இதுவே போதும்," என்று ஹம்சிகா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். காத்தாயி அத்தை கேட்பதாக இல்லை. கொழுந்துக் கூடையோடு வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள்.

"மருமகளே, ஒனக்கு நான் ஒரு பூத்தட்டு தரணும். மறந்துறாத!"

காத்தாயி அத்தை அதை இன்னும் தரவில்லை.