கறுப்புக் காருக்கு அம்மை போட்டது

விச்சியன் வாங்கிய கார் கறுப்பு. பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள் மட்டும் ‘இந்தக் கார் சிவப்பு நிறம்’ என்றது.

சோதிடர் அவனுக்குச் சிவப்புதான் ராசி என்று சொல்லிவிட்டார். கடையில் இருந்ததோ கறுப்பு. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல அவனும் ராசி நிறத்தைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டான். கிரகங்களும் நம்பிவிட்டன போலிருக்கிறது. இதுவரை ஒன்றும் இறங்கி வந்து பார்க்கவில்லை.

கார் வந்த மறுநாள் காலை விச்சியனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் காரில்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணின் அம்மா பிரானோம் லேசுப்பட்டவர் இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் ஒரு கீறல் இருந்ததென்று திருப்பி அனுப்பியவர். பெட்டியைச் சுமந்து வந்த ஆளையும் மாற்றித் தரச் சொன்னாராம்.

“ஒரு பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதவனுக்கு எம் பொண்ணைத் தரமாட்டேன்” என்று விச்சியனிடம் முன்பே சொல்லிவிட்டார்.

அதனால் கல்யாணத்துக்கு முதல் நாளே காருக்கு ஆசி வாங்க, புத்த விகாரையிலிருந்து தலைமைப் பிக்குவான பெரிய சாமியை வீட்டுக்கு அழைத்தார்கள். அவர் காருக்குள்ளே கூரையில் விரலால் வெள்ளைப் பொட்டுகள் வைத்தார். பிறகு வெளியே வந்து, மலைக்குகையில் சொட்டிய தண்ணீரில் ஒரு கட்டு மெல்லிய குச்சிகளை நனைத்துத் தெளித்தார். பலமான கை அவருக்கு. கார் முழுக்க நனைந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் என் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிக்கும் சேர்த்து ஆசி கிடைத்தது. மறுநாள் அது இரண்டு முட்டை போட்டது.

“மாமா, துடைச்சிடட்டுமா?” என்று துணியோடு வந்தாள் பைத்தோய். விச்சியனின் அக்கா மகள். பதினோரு வயது.

“தொடாதே! ஆசியை யாராவது துடைப்பாங்களா? தானா காயட்டும்” என்றான் விச்சியன்.

சித்திரை வெயில். பானெட்டின் மேல் ஏறிய ஓணான் ஒன்று ஒவ்வொரு காலாகத் தூக்கி ஆடிவிட்டு, புளியமரம் வரை ஓடிப்போய்தான் நின்றது.

சாமி போய், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு பைத்தோய்தான் முதலில் வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

“மாமா... காருக்கு அம்மை போட்டிருக்கு!”

விச்சியன் ஓடி வந்தான். கூரை, கதவு, பானெட் எங்கும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். தண்ணீர் போய்விட்டது. அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் போகவில்லை.

அவன் அலறிய அலறலில் எதிர்வீட்டு மாமரத்திலிருந்து ஏழு பழங்கள் விழுந்தன. இரண்டு என் பக்கம் விழுந்தன. நான் தின்றேன். ஆகவே இது பொய்யாக இருக்க முடியாது.

சோப்பு போட்டுக் கழுவினான். வட்டங்கள் அசையவில்லை.

அலறல் கேட்டு, கையில் முகப்பவுடர் டப்பாவோடு வந்தாள் பக்கத்து வீட்டுச் சம்லி. மரத்திலோ கல்லிலோ புதிதாக ஏதாவது தெரிந்தால், அதில் பவுடரைத் தேய்த்து லாட்டரிக்கு எண் பார்ப்பவள் அவள்.

“அட! சாமி எண் குடுத்திருக்காரு! நகருங்க எல்லாரும்!”

பானெட்டில் பவுடரைக் கொட்டிக் குனிந்து பார்த்தாள்.

“சைபர்... சைபர்... இதுவும் சைபர். என்னடா விச்சியா, எல்லாமே சைபரா இருக்கு?”

“வட்டம்னா சைபராத்தான் இருக்கும் சம்லிக்கா” என்றாள் பைத்தோய். “தேய்க்காதீங்க! உலர்ந்த சுண்ணாம்போட தேய்ச்சா கீறல் விழும்.” சொல்லிக்கொண்டே குழாயைத் திருப்பிப் பவுடரைக் கழுவிவிட்டாள். சம்லியும் பாதி நனைந்தாள்.

சம்லி கோபத்தோடு சொன்னாள்: “இரு, பிரானோமுக்கு ஃபோன் போட்டு, மாப்பிள்ளை காருக்கு அம்மைன்னு சொல்றேன்!” சொன்னதைச் செய்கிற பெண். உடனே செய்தாள்.

விச்சியன் பதறினான். வீட்டுக்குள் ஓடிக் கழிவறை கழுவுகிற ஊதா நிற ஆசிட் புட்டியோடு திரும்பினான்.

“இதை ஊத்தினா எந்தக் கறையும் நிக்காது!”

“பெயின்ட்டும் நிக்காது மாமா!” பைத்தோய் காருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். “நம்ம வீட்டுக் குளியலறைக் குழாயைப் பாத்திருக்கீங்களா? பளபளப்பு போய் வழுக்கையா நிக்குதே.”

“ஆமா. யாரு பண்ணின வேலை அது?”

“நீங்கதான். இதே புட்டி.”

விச்சியன் புட்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

பைத்தோய் வட்டத்தை நகத்தால் தொடாமல் உற்றுப் பார்த்தாள். இதை அவள் தினமும் பார்க்கிறாள். கெட்டிலுக்குள் படிகிற அதே வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவுவது அவள் வேலை. அதற்கு வினிகர் போதும்.

“வினிகரும் ஒரு ஆசிட்டுதான் மாமா. ஆனா சாது.”

“துடைச்சா ஆசி போயிடுமே!” அவசரத்தில் மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வர, விச்சியன் தலையில் கைவைத்தான். “வட்டத்தோட போனா மாமியார் துரத்துவாங்க. ஆசி இல்லாம போனா விதி துரத்தும்.”

பைத்தோய் சைக்கிளை எடுத்துக்கொண்டு விகாரைக்குப் போனாள். பெரிய சாமி அவளுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“இது நான் பண்ணினதா?”

“ஆமா சாமி.”

“ஒரு இடம்கூட விட்டுப்போகலையே!” அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

“சாமி, நீங்க குடுத்த ஆசி உள்ள வச்ச பொட்டுல இருக்கா, வெளிய நிக்கிற சுண்ணாம்புல இருக்கா?”

சாமி குனிந்து ஒரு வட்டத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு என்று சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது.

“பொட்டுல” என்றார்.

“அப்ப துடைக்கலாம்!”

விச்சியன் அப்போதே வினிகரை எடுத்து ஊற்றப் போனான். பைத்தோய் கையைப் பிடித்தாள்.

“வெயில்ல வேணாம் மாமா. சூட்டுல அதுவும் காஞ்சு வேற தழும்பு போடும்.”

உயரமான தூண்கள்மேல் கட்டிய வீட்டுக்கு அடியில், நிழலில் காரை நிறுத்தினார்கள். பானெட்டில் கை வைத்தால் சுடாத வரை காத்திருந்தார்கள். அதற்குள் விச்சியன் நகங்களைத் தின்று முடித்திருந்தான்.

பைத்தோய் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாள். மாமாவுக்கும் ஒன்று தந்தாள். வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்தாள். முதலில் கதவின் அடியில், யாரும் குனிந்து பார்க்காத மூலையில், ஒரே ஒரு வட்டத்தின் மேல் நனைந்த துணியை வைத்தாள்.

“பிரானோம் அத்தை குனிஞ்சு பாப்பாங்களே” என்றான் விச்சியன்.

“அதுக்குத்தான் சின்ன வட்டமா பாத்து வச்சேன்.”

சற்று நேரத்தில் துணியை எடுத்து மெல்லத் துடைத்தாள். வட்டம் இல்லை. கறுப்பு அப்படியே இருந்தது, மங்கவில்லை. விச்சியன் மறுபடியும் அலறினான். மாமரத்தில் மிச்சம் பழம் இருந்தால்தானே விழும்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. ஒரு பகுதியில் வினிகரைத் துடைத்ததும், காயவிடாமல் உடனே சோப்பு நீரால் கழுவினார்கள். அதன்பின் விச்சியன் கிணற்று வாளியைத் தூக்கினான்.

“மாமா! அதுலயும் சுண்ணாம்பு இருக்கு. திரும்பவும் அம்மை போடும்.”

முற்றத்துப் பெரிய ஜாடியில் பிடித்து வைத்திருந்த மழைநீரால் அலசினார்கள். அலசிய இடத்தை மெல்லிய துணியால் அப்போதே துடைத்தார்கள். பெரிய சாமி ஒரு முக்காலியில் உட்கார்ந்து, “அங்க ஒண்ணு. இதோ இங்க ஒண்ணு” என்று தான் தெளித்த இடங்களையெல்லாம் காட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை மேளச் சத்தத்தோடு ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வந்தது. பிரானோம் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார். சம்லி சொன்னதைக் கேட்டதிலிருந்து திட்டுவதற்கான வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார் என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. மேளம் தானாக நின்றது. விச்சியன் காரை விட்டு இறங்கவில்லை.

பிரானோம் காரைச் சுற்றி வந்தார். கூரையைப் பார்த்தார். கதவின் அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் கதவின் கறுப்புக்குள் திறந்த வாயோடு ஒரு பெண் தன்னையே முறைப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“யாருடி இவ, இந்த நல்ல நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு?”

“நீங்கதான் அத்தை” என்றாள் பைத்தோய்.

பிரானோம் வாயை மூடினார். கதவைப் பார்த்தபடியே கொண்டைப் பூவைச் சரிசெய்தார். ஒருமுறை சிரித்துப் பார்த்தார். பிடித்திருந்தது போலும். இன்னொரு முறையும் சிரித்தார்.

“கதவைத் திறந்து இறங்குங்க மாப்பிள்ளை. பாத்து, கதவுல கை படாம!”