இங்கேயே தைத்தது

"விக்கிறதை இங்கேயே செய்யணும்னு கடைத்தெருச் சங்கத்துல சொல்றாங்க. அப்பதான் பாதி வாடகை!"

"உங்களுக்குத்தான் தையல் தெரியுமே. அப்புறமென்ன?"

"நீ முன்னால வியாபாரம் பாரு. நான் உள்ள மோட்டார் மிஷின்ல பை தைக்கிறேன். அந்த ரூமுக்குள்ள மட்டும் வராதே... கவனம் சிதறும்!"

ஆறு மாதத்துக்கு முன், கடை திறந்த அன்று புருஷன் சொன்னது. 'முதல் பையை எனக்குக் குடுங்க' என்று கேட்க வாயெடுத்தாள். ஏனோ, விழுங்கிவிட்டாள்.

அது இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும்?

பக்கத்துச் செருப்புப் பட்டறையில் பிணம்!

ஷட்டர்கள் துருப்பிடித்துக் கிடந்த கடைத்தெரு அது. சோப்பு, செருப்பு, பை செய்கிறவர்களைக் குடியேற்றி அதற்கு உயிர் கொடுத்த சங்கத் தலைவரின் உயிர் போயிருந்தது.

முதுகில் குத்தூசி!

"தோல் குத்துற ஊசி. உன்னோடதுதானே?" இன்ஸ்பெக்டர் செருப்புக்காரரின் சட்டையைப் பிடித்தார்.

"நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்! தங்கச்சி, நீயாவது சொல்லும்மா!"

இன்ஸ்பெக்டர் அவள் புருஷன் பக்கம் திரும்பினார். "மத்தியானம் நீ எங்கய்யா இருந்தே?"

"பன்னெண்டுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் மிஷின்ல சார். இவளையே கேளுங்க!"

"சத்தம் கேட்டுச்சாம்மா?"

ஆமாம் என்றால் புருஷனும் கடையும் பிழைக்கும். செருப்புக்கார அண்ணன் கம்பி எண்ணுவார்.



"கேட்டுச்சு சார்... நிக்காம கேட்டுச்சு."

புருஷன் முகத்தில் சிரிப்பு.

"பன்னெண்டரைக்குத் தெரு முழுக்க கரண்ட் போச்சு சார். என் தலைக்கு மேல ஃபேன் நின்னுச்சு. இவர் மிஷின் மட்டும் நிக்கல!"

"ஏய்...!"

இன்ஸ்பெக்டர் உள் அறைக் கதவை உதைத்துத் திறந்தார்.

மிஷின் மேல் விரற்கடை தூசி. பக்கத்தில் மிஷின் சத்தம் பதிவான செல்போன், பேட்டரி ஸ்பீக்கர். சுவரோரம், எங்கோ தொலைவிலுள்ள ஃபேக்டரியின் அட்டைப்பெட்டிகள். பெட்டி நிறையப் பைகள்! மேலே ஒரு கட்டு லேபிள்... 'இங்கேயே தைத்தது'.

"தலைவர் பார்த்துட்டாரா?"

புருஷன் தலை கவிழ்ந்தது. "பின்வாசல் வழியா வந்து பார்த்துட்டாரு சார்... கடையைக் காலி பண்ணுன்னாரு. சாட்சிக்குச் செருப்புக்காரரைக் கூப்பிடப் போனாரு... பின்னாலயே போனேன்..."

விலங்கு மாட்டினார்கள்.

"உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்கிட்டியேடி!"

அவள் ஜீப் அருகே வந்தாள். ஆறு மாதம் விழுங்கியது இன்று வெளியே வந்தது.

"ஏங்க... ஜெயில்ல தையல் வேலை குடுப்பாங்களாம். முதல் பையை எனக்குக் குடுங்க... அங்கேயே தைச்சதா இருக்கணும்!"