ஆறு பூச்சியங்கள்

வாவி அசையாதிருக்கட்டும், காகங்கள் வாயை மூடட்டும்! 2007ஆம் ஆண்டு, ஒரு மாதத்தின் 21ஆம் திகதி காலை, சுனாமி எச்சரிக்கைச் சைரனை இயக்கும் மென்பொருள் 99.97 சதவீதம் நம்பகமானது என்று மட்டக்களப்புக் கடற்கரையில் கலாநிதி வினாயகமூர்த்தி பிரகடனம் செய்தார்.

பத்து நிமிடம் கழித்து நடந்த ஒத்திகையில் சைரன் இருமக்கூட இல்லை.

இவ்வளவு நம்பகமானது தானாகப் பழுதாகாது. ஆகவே நாசவேலை என்றார் கலாநிதி. மென்பொருள் பரிசோதகி அஜந்தாவின் பெயரைப் போட்டுப் பொலிசுக்குக் கடிதமும் எழுதினார். அந்தச் சொல்லோடு பொலிசுக்குப் போனவர்கள் அந்த ஆண்டில் எளிதில் வீடு திரும்பியதில்லை.

அஜந்தா புளியந்தீவுக்கு ஓடினாள். அங்கே ஊர்ச் சிக்கல்களுக்குத் துப்புத் துலக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஓட்றி இருந்தார்.

"ஹர்த்தாலால ஆறு நாளா கடை, ரோட்டு எல்லாம் மூடி, நான் ஊர்ல, கிரான்ல கிடந்தன் மிஸ். மத்தவங்க ஒபிஸ்ல சோதிச்சாங்களாம், மென்பொருள்ல ஒரு பிழை, ஒரு வழு கூட இல்லையாம். இண்டைக்குப் புதுசா வந்து தொட்டது நான்தானாம். நாலு மணிக்குக் கடிதம் போகுது."

ஓட்றியின் துப்பறியும் உதவியாளரான ஆட்டோக்கார ஹமீட், அவர்களோடு கலாநிதியின் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேசைக்கடியில் புகுந்தார். "கம்பிய வெட்டியிருக்காங்க டீச்சர்! சத்தியமா!"

ஓட்றி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். 14ஆம் திகதி. பிறகு மேசையிலிருந்த சோதனை அறிக்கையைப் பார்த்தார். நாளொன்றுக்கு அகப்பட்ட வழுக்கள்: 9, 8, 9, 7, 8. பிறகு ஆறு பூச்சியங்கள்.

"வழு அகப்படுவது குறைந்தால், ஒளிந்திருப்பதும் குறைவு. இது புள்ளிவிபரவியல். உங்களுக்கு விளங்காது," என்றார் கலாநிதி.

"எட்டில இருந்து ஒரே நாள்ல பூச்சியமா? வழுக்களும் ஹர்த்தாலுக்குப் பயந்து வீட்டுக்குள்ள இருந்திச்சா சேர்? உங்கட பியோன் கதவத் திறந்ததும் என்ன செய்வார்?"

"கலண்டர் தாள் கிழிப்பான். இன்று அவன் கடற்கரையில் கதிரை அடுக்கினான். அதற்கென்ன?"

"அப்ப மத்த ஆறு தாளும்?"

கலாநிதி அறிக்கையை மடித்து அக்குளில் செருகினார்.

"பதினஞ்சில இருந்து இந்தக் கதவு திறக்கவே இல்ல. தேடாட்டி வழு எப்பிடி அகப்படும்? சோதிச்ச மணித்தியாலத்த எண்ணாம, நாள எண்ணியிருக்கீங்க. கடைசியாச் சோதிச்ச நாளும் எட்டு வழு வந்த சாமான் விழுறதுக்கு நாசகாரர் எதுக்கு?"

"ஹர்த்தால்... படிவம் வெற்றுப் பெட்டியை ஏற்கவில்லை, பூச்சியம் போட்டோம்," என்று முனகினார் கலாநிதி.

"கம்பி நல்லாத்தான் இருக்கு," என்று மேசைக்கடியிலிருந்து துக்கத்தோடு அறிவித்தார் ஹமீட்.

அஜந்தா கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

மறுநாள் மீண்டும் ஹர்த்தால். அறிக்கையில் அன்றைய வழு: பூச்சியம்.